அம்மாவின் வயிற்றுத் தழும்பில் ஹேர்னியா: கரைகிற மெஷ் வைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

படுவான்கரை_மகன்:

வணக்கம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வைத்தியசாலைகளில் வேலை செய்கிறவர்களும் இந்தக் குழுவில் இருப்பதால் இங்கே கேட்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 58 வயது, சீனி வருத்தம் இருக்கிறது. வயிற்றில் அல்சர் ஓட்டையாகி, போன வருடம் அவசர ஒப்பரேசன் செய்தார்கள். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை நேர்வெட்டு. உயிர் தப்பியதே பெரிய காரியம். ஆனால் காயத்தில் சீழ் வைத்து, தினமும் மருந்து கட்டி, ஆறி முடிய மாதக்கணக்கில் எடுத்தது. இப்போது அந்தத் தழும்பில், தொப்புளுக்குச் சற்று மேலே, எழும்பி நின்றாலும் இருமினாலும் ஒரு வீக்கம் வெளியே தள்ளுகிறது. படுத்தால் உள்ளே போய்விடும். நோவு பெரிதாக இல்லை, ஆனால் குனிந்து எழும்ப முடியவில்லை, பொழுதுபட்டால் வயிற்றை இழுத்துப் பிடிக்கிறது என்கிறார்.

கிளினிக்கில் சீ.டி. ஸ்கான் பார்த்த சேர்ஜன், தசைச் சுவரில் 6 சென்ரிமீற்றர் அகலத்துக்கு இடைவெளி இருக்கிறது, மெஷ் என்கிற வலை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், சீனியைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், திகதி தருகிறேன் என்றார். நாங்களும் சரி என்றுதான் இருந்தோம். இதற்கிடையில் சுவிஸில் இருக்கிற சின்னம்மாவின் மகன் அம்மாவுக்கு போன் எடுத்து, மெஷ் என்பது ஆயுளுக்கும் உடம்புக்குள் கிடக்கிற பிளாஸ்டிக், வெளிநாட்டில் அதை வைத்தவர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள், இப்போது தானாகக் கரைந்துபோகிற மெஷ் வந்துவிட்டது, அதைத்தான் வைக்க வேண்டும், காசைப் பற்றி யோசிக்க வேண்டாம், நான் வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். அண்ணன் நல்லதுக்குத்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அம்மா பயந்துபோய், ஒப்பரேசனே வேண்டாம், பெல்ட் கட்டிக்கொண்டு இருந்துவிடுகிறேன் என்கிறார்.

கரைகிற மெஷ் உண்மையிலேயே நல்லதா? அது கரைந்துபோன பிறகு வயிற்றைத் தாங்கிப் பிடிப்பது எது? வாங்கி அனுப்பினால் இங்கே வைப்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாழங்குடா_கடலோரம்:

தம்பி, எனக்குக் கவட்டுப் பக்கம் ஹேர்னியா வந்து மெஷ் வைத்து வருடங்கள் ஆகிவிட்டன. கரைவலை இழுக்கிறவன் நான், இன்றைக்கும் இழுக்கிறேன், ஒரு குறையும் இல்லை. ஆனால் அம்மாவுடையது பழைய வெட்டு வழியே வந்தது. அது வேறு கணக்கு என்று எனக்கு ஒப்பரேசன் செய்த டொக்டரே அப்போது பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு விளங்கப்படுத்தியது நினைவிருக்கிறது. அதனால் என்னுடையதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பயப்படத் தேவையில்லை என்று மட்டும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

வாட்டு_டொக்டர்:

சத்திரசிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, அதனால் அவருடைய சேர்ஜன் சொல்வதற்கு மேலாக எதையும் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது கிளினிக்கில் ஆறுதலாக இருந்து பதில் சொல்ல நேரம் கிடைக்காத கேள்வி, அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மெஷ் ஏன் என்பது. நேர்வெட்டு வெட்டித் தைத்த வயிற்றுச் சுவர் பழைய பலத்தை முழுதாகத் திரும்பப் பெறுவதில்லை. அதிலும் சீழ் வைத்த காயம், சீனி வருத்தம் இரண்டும் சேர்ந்தால் அந்த இடம் விட்டுக்கொடுக்கும். அப்படி விட்டுப்போன ஓரங்களை மறுபடி இழுத்துத் தைத்தால் மட்டும் போதாதா என்று கேட்கலாம். நெதர்லாந்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2000இல் வெளியான முடிவின்படி, 3 வருடத்துக்குள் தையல் மட்டும் போட்டவர்களில் 43 சதவீதமானவர்களுக்கு ஹேர்னியா திரும்ப வந்தது, மெஷ் வைத்தவர்களில் 24 சதவீதம். அதே ஆட்களை 10 வருடம் வரை தொடர்ந்து பார்த்தபோது, 2004இல் வந்த கணக்கு தையலில் 63 சதவீதம், மெஷ்ஷில் 32. மெஷ் வைத்தும் மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வந்திருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. அன்றைக்கிருந்த முறையைவிட இன்று மெஷ்ஷை வைக்கிற இடமும் விதமும் நிறைய மாறிவிட்டன. ஆனால் தையலை மட்டும் நம்புவது சரிவராது என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

இனிக் கரைகிற மெஷ். அது ஒரே சாமான் அல்ல, அண்ணன் அதை ஒன்றாகச் சொன்னதில்தான் குழப்பமே தொடங்குகிறது. மிகப் பழையது விக்ரில் மெஷ். நாங்கள் தையலுக்குப் பாவிக்கிற விக்ரில் நூலின் அதே பொலிகிளாக்டின் 910, இரண்டு இரண்டரை மாதத்தில் கரைந்து போய்விடும், பலம் அதற்கும் முன்னமே போய்விடும். வயிற்றை மூட முடியாத ஆபத்தான நிலைமைகளில், குடல் வெளியே வராமல் தற்காலிகமாகப் பிடித்து வைக்க அது உதவும். பிறகு அந்த இடத்தில் ஹேர்னியா வரும் என்று தெரிந்துகொண்டேதான் வைப்பார்கள். உயிர் முதலில், ஹேர்னியாவைப் பிறகு பார்ப்போம் என்ற கணக்கு அது.

அடுத்தது மெதுவாகக் கரைகிற புதிய வகைகள். பயோ-ஏ என்பது பொலிகிளைகோலிக் அமிலமும் ட்ரைமெத்திலீன் கார்பனேட்டும் சேர்ந்தது, 6, 7 மாதத்தில் போய்விடும். டைகர் என்கிற சுவீடன் நாட்டு மெஷ்ஷில் இரண்டு வகை நூல் பின்னியிருக்கும், ஒன்று 4 மாதமளவில் கரையும், மற்றது 3 வருடமளவு எடுக்கும். ஃபேசிக்ஸ் என்பது பொலி-4-ஹைட்ரொக்சிபியூட்டிரேட், பக்டீரியாவை வைத்து நொதிக்கச் செய்து எடுக்கிற பொருள், 12 முதல் 18 மாதத்தில் நீராலேயே சிதைந்து, கடைசியில் காபனீரொட்சைட்டும் தண்ணீருமாகப் போய்விடும். அண்ணன் சொன்னது இந்தப் புதிய வகைகளில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

கரைந்த பிறகு தாங்குவது எது என்று கேட்டீர்கள், அதுதான் சரியான கேள்வி. கொங்கிரீட் பிளேட் போடும்போது கீழே பலகை கொடுக்கிறார்கள் அல்லவா, அந்த வேலையைத்தான் இந்த மெஷ் செய்கிறது. அதன் கண்களுக்குள் உடம்பு தன் சொந்தத் தசைநாரை வளர்க்கிறது, பலகையைக் கழற்றும்போது கொங்கிரீட் இறுகியிருந்தால் நிற்கும். இறுகியிருக்குமா என்பது மெஷ்ஷைவிட ஆளைப் பொறுத்தது. சீனி கூடியவர், புகைக்கிறவர், ஏற்கனவே ஒரு தடவை தசைநார் விட்டுக்கொடுத்தவர் என்றால் எனக்கு அந்த நம்பிக்கை குறைவு.

ஃபேசிக்ஸ் வைத்த 121 பேரை அமெரிக்காவில் பின்தொடர்ந்தார்கள், உடல் பருமன், சீனி போன்ற ஆபத்துகள் உள்ளவர்கள், ஆனால் காயத்தில் கிருமி இல்லாதவர்கள். ஒன்றரை வருடத்தில் 9 சதவீதமளவு திரும்ப வந்தது, 3 வருடத்தில் 18 சதவீதமளவு. ஒப்பிட்டுப் பார்க்க சாதாரண, கரையாத மெஷ் வைத்த கூட்டம் அந்த ஆய்வில் இல்லை, அதனால் இது மோசம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் சாதாரண மெஷ்ஷைவிட நல்லது என்று சொல்லவும் அதில் எதுவும் இல்லை.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். காயம் முழுதாக ஆறி, கிருமி இல்லாமல், ஆயத்தப்படுத்தி, திகதி குறித்துச் செய்கிற ஒப்பரேசனுக்குச் சாதாரண பொலிப்புரொப்பிலீன் மெஷ்தான் முதல் தெரிவு. அதை வயிற்றின் நேர்த்தசைக்குப் பின்னால், குடலில் படாத இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது. உங்கள் சேர்ஜன் எங்கே வைக்கப் போகிறார் என்று கேளுங்கள், சந்தோசமாகப் படம் கீறியே காட்டுவார்.

படுவான்கரை_மகன்:

டொக்டர், மிக்க நன்றி, இப்படி ஒருவரும் எங்களுக்கு விளங்கப்படுத்தவில்லை. இரண்டு விசயம் மட்டும் இன்னும் குழப்புகிறது. சாதாரண மெஷ் இவ்வளவு நல்லதென்றால் கரைகிறதை ஏன் கண்டுபிடித்தார்கள்? அந்த வழக்குகள் எல்லாம் பொய்யா? அண்ணனுக்கு நான் பதில் சொல்ல வேண்டும், சும்மா வேண்டாம் என்றால் அவர் மனம் நோகும்.

வாட்டு_டொக்டர்:

பொய் இல்லை தம்பி. ஆனால் பல கதைகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. பெண்களுக்குக் கருப்பை இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைத்த மெஷ்ஷால் பலர் பாதிக்கப்பட்டார்கள், 2019இல் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவ சாதனங்களையும் ஒழுங்குபடுத்துகிற எஃப்.டி.ஏ. அதை விற்பதையே நிறுத்தச் சொன்னது. செய்திகளில் பெரிதாக அடிபட்டது அதுதான். இடமும் வேறு, தசையும் வேறு, வயிற்று ஹேர்னியாவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஹேர்னியா மெஷ்களிலும் பிரச்சினைகள் வந்திருக்கின்றன. பிசியோமெஷ் என்ற ஒரு வகை, டென்மார்க்கிலும் ஜேர்மனியிலும் உள்ள ஹேர்னியாப் பதிவேடுகளில் திரும்ப வருவது கூடுதலாகத் தெரிந்ததால் 2016இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆக, மெஷ் என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் நல்லது என்றும் கெட்டது என்றும் சொல்ல முடியாது.

உங்கள் அண்ணனுடைய பயத்துக்கு நியாயமான பக்கமும் இருக்கிறது. டென்மார்க்கில் 3,242 பேரை 5 வருடம் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. மறுபடி ஹேர்னியாவுக்காக ஒப்பரேசன் தேவைப்பட்டது மெஷ் இல்லாதவர்களில் 17 சதவீதம், திறந்து மெஷ் வைத்தவர்களில் 12.3, சிறு துளை போட்டுக் கமரா வழியாக வைத்தவர்களில் 10.6. ஆனால் அந்த மெஷ்ஷாலேயே வந்த பெரிய சிக்கல்கள், அதாவது கிருமி பிடிப்பது, குடல் ஒட்டுவது போன்றவை, 5 வருடத்தில் திறந்த முறையில் 5.6, கமரா முறையில் 3.7 சதவீதம். நன்மையில் ஒரு பங்கை இது தின்றுவிடுகிறது. மெஷ் வைத்த வயிற்றை வேறு காரணத்துக்காகத் திரும்பத் திறக்கவேண்டி வந்தால் வேலை கடினம் என்பதும் உண்மை. இதையெல்லாம் சொல்லித்தான் சம்மதக் கையொப்பம் வாங்க வேண்டும்.

இந்தச் சிக்கல்கள்தான் கரைகிற மெஷ்ஷைத் தேட வைத்தன. குறிப்பாகக் கிருமி பட்ட வயிறு. குடலைத் திறந்த ஒப்பரேசன், பழைய மெஷ் சீழ்பிடித்து எடுக்கிற ஒப்பரேசன், இப்படியான இடத்தில் நிரந்தரமான ஒன்றை வைக்கப் பயம். பயோ-ஏயை அப்படிக் கிருமி பட்ட 104 பேருக்கு வைத்துப் பார்த்தார்கள், 2 வருடத்தில் 17 சதவீதத்துக்குத் திரும்ப வந்தது, அந்த நிலைமைக்கு அது மோசமான முடிவு அல்ல.

ஆனால் 2022இல் அமெரிக்காவில் 253 பேரில் செய்த ஆய்வு பலருடைய நினைப்பை மாற்றியது. குடல் திறந்த, கிருமி படக்கூடிய ஹேர்னியா ஒப்பரேசன்களில் பாதிப்பேருக்குப் பன்றித் தோலிலிருந்து எடுத்த உயிரியல் மெஷ், மற்றப் பாதிக்குச் சாதாரண பொலிப்புரொப்பிலீன். 2 வருடத்தில் திரும்ப வந்தது உயிரியல் மெஷ்ஷில் 20.5 சதவீதம், சாதாரணத்தில் 5.6. விலை? ஒன்று ஏறத்தாழ 21,500 டொலர், மற்றது 105 டொலர். இது உயிரியல் மெஷ்ஷைப் பற்றிய ஆய்வு, கரைகிற செயற்கை மெஷ்ஷைப் பற்றியது அல்ல, அதை மாற்றிச் சொல்லக் கூடாது. ஆனாலும் விலை கூடியது, உடம்பு ஏற்றுக்கொள்வது, கரைவது என்றாலே நல்லது என்ற நினைப்புக்கு அது நல்ல பதில்.

வாங்கி அனுப்புவது பற்றி. மருத்துவ சாதனங்களும் இங்கே தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவுக்குள் வருகின்றன. பயணப்பெட்டியில் வந்த ஒரு மெஷ்ஷை, எங்கே எப்படி இருந்தது என்று தெரியாமல், ஒரு சேர்ஜன் அம்மாவின் வயிற்றில் வைக்கமாட்டார், வைக்கவும் கூடாது. அண்ணன் உதவ விரும்பினால் அதற்கு வேறு வழி இருக்கிறது. சேர்ஜன் ஏதாவது வெளியில் வாங்கச் சொன்னால் அந்தச் செலவைப் பார்க்கலாம், ஒப்பரேசனுக்குப் பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை வைக்கலாம்.

ஓட்டமாவடி_ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இதை வாசித்துக்கொண்டு வந்தபோது பன்றித் தோல் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எங்கட வாப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி, அடுத்த மாதம் வெட்டி எடுக்கப் போகிறார்கள், கொஞ்ச நாளைக்கு மலம் போக வயிற்றில் பை வைக்கவேண்டி வரலாம் என்றும் சொன்னார்கள். வாப்பா கொஞ்சம் பருத்த உடம்பு, சிகரட்டும் விடவில்லை. ஹேர்னியா வந்த பிறகு வைக்கிற மெஷ்ஷை, வராமல் தடுக்க முதல் ஒப்பரேசனிலேயே வைக்க முடியாதா? பிறகு அந்தப் பன்றி விசயத்தை எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் டொக்டர்மார் கோபிப்பார்களா?

வாட்டு_டொக்டர்:

வஅலைக்கும் ஸலாம் ராத்தா. கோபிக்கமாட்டார்கள், கேட்பது உங்கள் உரிமை. பொலிப்புரொப்பிலீன் முழுக்கச் செயற்கை. நான் மேலே பெயர் சொன்ன கரைகிற மெஷ்களும் மிருகத்திலிருந்து எடுத்தவை அல்ல. உயிரியல் மெஷ் என்று சொல்வதில்தான் பன்றித் தோல், பன்றிக் குடல், மாட்டுத் தோல் எல்லாம் வரும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. குடலுக்குப் பக்கமாக வைக்கிற சில செயற்கை மெஷ்களின் ஒரு பக்கத்தில் ஒட்டாமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும், சிலவற்றில் அது மிருகக் கொலாஜன். ஆகவே மெஷ் எதனால் ஆனது என்பதோடு பூச்சு எதனால் ஆனது என்றும் கேளுங்கள். மாடு வேண்டாம் என்கிற இந்துக் குடும்பங்களும் இதைக் கேட்கலாம்.

தடுப்பதற்கு மெஷ் என்பது நல்ல கேள்வி, ஆனால் அதற்கு முன்னால் தையல் இருக்கிறது. 2015இல் நெதர்லாந்தில் 560 பேரில் செய்த ஆய்வில், ஓரத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தள்ளிப் பெரிய பெரிய தையலாகப் போட்டவர்களில் ஒரு வருடத்தில் 21 சதவீதத்துக்கு ஹேர்னியா, 5 மில்லிமீற்றர் தள்ளி 5 மில்லிமீற்றருக்கு ஒன்றாகச் சிறு தையல் போட்டவர்களில் 13. மெஷ்ஷும் இல்லை, கூடுதல் செலவும் இல்லை, மெதுவாகக் கரைகிற நூலும் சற்றுக் கூடிய நேரமும் போதும். வெட்டின் நீளத்தைப் போல் குறைந்தது 4 மடங்கு நூல் போக வேண்டும் என்பது 1976இலிருந்தே சொல்லப்படுகிற விதி. கரைகிற மெஷ்ஷைப் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும், எங்கள் மாவட்டங்களில் ஹேர்னியாவைக் குறைக்கப் போவது இந்தத் தையல்தான் என்று உறுதியாக நம்புகிறேன். இரவு ஒரு மணிக்கு, களைத்துப்போன நேரத்தில், வயிற்றை மூடுகிற கடைசி 20 நிமிசத்தில் அவசரப்படாமல் இருப்பது இருக்கிறதே, அதற்கு ஈடான மெஷ் கிடையாது.

மெஷ்ஷுக்கு வருவோம். 2017இல் வந்த ஆய்வு, 480 பேர், பருத்த உடம்புக்காரர்களும் வயிற்றுப் பெருநாடி வீங்கியவர்களும். தையல் மட்டும் போட்டவர்களில் 2 வருடத்தில் 30 சதவீதத்துக்கு ஹேர்னியா. மெஷ்ஷைத் தசைக்கு மேலே வைத்தவர்களில் 13, பின்னால் வைத்தவர்களில் 18. மேலே வைத்தவர்களுக்குத் தோலுக்கடியில் நீர் சேர்வது கூடுதல். ஆக, முன்கூட்டி வைப்பது பலன் தருகிறது, ஆபத்துக் கூடியவர்களுக்கு யோசிக்கலாம் என்று 2022இல் ஐரோப்பிய, அமெரிக்க ஹேர்னியாச் சங்கங்களும் எழுதின. ஆனால் கவனியுங்கள், அந்த ஆய்வில் வைத்தது நிரந்தர மெஷ். குடலைத் திறக்கிற ஒப்பரேசனில் பல சேர்ஜன்மார் அதை வைக்கத் தயங்குவார்கள். அந்த இடத்துக்குத்தான் கரைகிற மெஷ் பொருத்தமாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. ஆனால் நிரந்தர மெஷ்ஷுக்கு இருக்கிற அளவு ஆதாரம் அதற்கு இல்லை.

பையைப் பொறுத்தவரை, நிரந்தரப் பையைச் சுற்றி ஹேர்னியா வருவது மிகச் சாதாரணம். அதைத் தடுக்க மெஷ் வைக்கும்படி 2018இல் ஐரோப்பியச் சங்கம் பரிந்துரைத்தது, எல்லா ஆய்வுகளும் அதற்கு ஒத்துவரவில்லை. தற்காலிகப் பை என்றால், அதை மூடுகிற நேரத்தில் உயிரியல் மெஷ் வைத்துப் பார்த்த பிரித்தானிய ஆய்வு 2020இல் வந்தது, 2 வருடத்தில் ஹேர்னியா 20 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது. ஆனால் அதில் பாவித்தது பன்றியிலிருந்து எடுத்தது. வாப்பாவுக்கு அப்படி ஒரு பேச்சு வந்தால் முன்னமே சொல்லிவிடுங்கள். ஆனால் இவை எல்லாவற்றையும்விட அவருக்கு இப்போது உடனே செய்யக்கூடியது சிகரட்டை விடுவது, இன்றைக்கே. கட்டியை எடுப்பதுதான் முதல் வேலை, ஹேர்னியாவை நினைத்து அந்தத் திகதியைத் தள்ளிப்போட வேண்டாம்.

கல்லடி_நேர்ஸ்:

டொக்டர் மெஷ் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார், நான் வாட்டில் பார்ப்பதைச் சொல்கிறேன். தம்பி, அம்மாவுக்குச் சேர்ஜன் சீனியைக் குறைக்கச் சொன்னது திகதியைத் தள்ளிப்போடச் சொன்ன சாட்டு அல்ல. சீனி கூடின உடம்பில் மெஷ் வைத்தால் கிருமி பிடிக்கும், கிருமி பிடித்த மெஷ்ஷோடு மாதக்கணக்கில் வடிந்துகொண்டு கிளினிக்குக்கு வருகிற ஆட்களைப் பார்த்தால் அந்த அவசரம் உங்களுக்கு வராது. மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்.பி.ஏ.1சி எவ்வளவு என்று கேட்டு எழுதி வையுங்கள், வெறுவயிற்றுச் சீனியை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். சோற்றைக் குறைக்கச் சொன்னால் எங்கட ஆட்களுக்குக் கோபம் வரும், அதிலும் வெட்டு முடிந்து புது அரிசி வீட்டில் இருக்கிற காலம் என்றால் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் குறைக்கத்தான் வேண்டும். கீரையையும் மீனையும் கூட்டுங்கள், உடம்பு தசைநார் வளர்க்கப் புரதம் வேண்டும்.

அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுகிறவரா? படுவான்கரையில் அந்த வயது அம்மாமார் பலர் போடுவார்கள், சிகரட் பிடிப்பீர்களா என்று டொக்டர் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். புகையிலையிலும் நிக்கொட்டின் இருக்கிறது, மறைக்காமல் சொல்லுங்கள். இருமல், தொய்வு இருந்தால் முதலில் அதற்கு மருந்து எடுக்க வேண்டும். மலச்சிக்கல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆம்பிளை ஆட்கள் என்றால் சலம் போக முக்குகிறார்களா என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே இருந்து தள்ளுகிற இவை எல்லாம் அப்படியே இருக்க, வெளியே எந்த மெஷ் வைத்தும் பிரயோசனம் குறைவு.

பெல்ட் கட்டுவதால் ஓட்டை அடைபடாது. நிற்கிறபோது ஒரு ஆறுதல், அவ்வளவுதான். காலம் போகப் போக இடைவெளி பெருக்கும், பெருத்த பிறகு செய்கிற ஒப்பரேசன் கடினம். அம்மா பயந்தால் வற்புறுத்தாதீர்கள், அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய், அவர் வாயாலேயே கேட்க விடுங்கள். மகன் கேட்டு வந்து சொல்வதை நம்பாதவர்கள் டொக்டர் முகத்தைப் பார்த்துக் கேட்டால் நம்புவார்கள், இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள். படுத்தும் உள்ளே போகாமல் வீக்கம் இறுகி நின்றால், நோவு திடீரென்று கூடினால், சத்தி எடுத்தால், மலமும் காற்றும் போகாமல் நின்றால், மேலே தோல் சிவந்தால், கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். எண்ணெய் தடவி அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்கவும் வேண்டாம். சாப்பாடு தண்ணீர் கொடுக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், இரவென்றாலும், மழை வெள்ளமென்றாலும். குடல் உள்ளே நெரிபட்டால் மணித்தியாலக் கணக்கு.

ஒப்பரேசனுக்குப் பிறகு குழாய் ஒன்றிரண்டு போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சேர்கிற நீர் வெளியே வரத்தான். குழாய் எடுத்த பிறகும் கொஞ்சம் நீர் சேர்ந்து வீங்கலாம், உடனே ஹேர்னியா திரும்ப வந்துவிட்டது என்று அழுகிற ஆட்கள் உண்டு. வந்து காட்டுங்கள், பார்த்துச் சொல்வார்கள். முதல் நாளிலிருந்தே எழுப்பி நடக்க விடுவோம், அது நல்லது. பாரம் தூக்குவது, கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, நெல் மூட்டை இழுப்பது எல்லாம் சேர்ஜன் சொல்லும்வரை வேண்டாம்.

ஏறாவூர்_தங்கச்சி:

நடுவில் வந்து கேட்கிறேன், மன்னியுங்கள். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு எனக்குத் தொப்புள் தள்ளியிருக்கிறது, சின்னது, நோவில்லை. இன்னொரு பிள்ளை வேண்டும் என்று இருக்கிறோம். இப்போதே செய்வதா?

கல்லடி_நேர்ஸ்:

தங்கச்சி, சின்னதாக, நோவில்லாமல், உள்ளே போய் வந்துகொண்டிருந்தால் கடைசிப் பிள்ளைக்குப் பிறகு செய்வதைத்தான் பொதுவாகச் சொல்வார்கள், இல்லாவிட்டால் அடுத்த வயிறு பெருக்கும்போது திரும்ப வரலாம். ஆனால் ஒருமுறை காட்டிப் பதிந்து வைத்திருங்கள், கிளினிக்கில் மருத்துவமாதுவிடமும் சொல்லுங்கள்.

படுவான்கரை_மகன்:

எல்லோருக்கும் நன்றி. இதை அப்படியே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், நேர்ஸ் அக்கா எழுதிய புகையிலை வந்ததும் எழும்பிப் போய்விட்டார், பிறகு தானாகவே வந்து மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னார். அண்ணனுக்கும் அனுப்பினேன். கரைகிற மெஷ் கிருமி பட்ட இடத்துக்கென்று யோசித்தது என்பது தனக்குத் தெரியாது, சேர்ஜன் சொல்வதையே செய்யுங்கள் என்று பதில் போட்டிருக்கிறார். அடுத்த கிளினிக்குக்கு அம்மாவும் வருகிறார். எங்கே வைப்பீர்கள், என்ன மெஷ், எச்.பி.ஏ.1சி எவ்வளவுக்கு வர வேண்டும் என்று கேட்கப் போகிறோம். வேறு ஏதாவது கொண்டுபோக வேண்டுமா?

வாட்டு_டொக்டர்:

முதல் ஒப்பரேசனின் டயக்னோசிஸ் கார்ட், சீ.டி. ரிப்போர்ட், பாவிக்கிற குளிசைகள் எல்லாம். கார்ட்டில் காயத்தில் சீழ் வைத்தது எழுதப்படாமல் இருந்தால் வாயால் சொல்லுங்கள், எந்தக் கிருமி என்று பரிசோதித்த ரிப்போர்ட் இருந்தால் அதையும் தேடி எடுங்கள். தழும்பில் இப்போது எங்கேயாவது கசிவோ நூல் தட்டுப்படுவதோ இருந்தால் கட்டாயம் காட்டுங்கள், எந்த மெஷ் என்ற முடிவையே அது மாற்றிவிடும்.